வாசலில் என் கையிலிருந்த சால்வைகள்

தம்பி, இதைக் கையில் எடுத்தவுடனே படிக்க ஆரம்பிக்காதே. முதலில் சாப்பிடு. பசியோடு எதைக் கேட்டாலும் உனக்குக் கோபம்தான் வரும். சின்ன வயதிலேயே அப்படி. சாப்பிட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ இரண்டு பேச்சுப் பேசிவிடுவாய். இது யாரும் குறுக்கே வராமல் நான் மட்டும் கடைசிவரை சொல்லி முடிக்க வேண்டிய விஷயம்.

போன வாரம் நீ கேட்டது சின்ன உதவிதான். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, ஹட்டனில் தான் வேலை செய்யும் தையல் கடையிலேயே ரேவதி தன் கல்யாண ரவிக்கையைத் தைத்துக்கொள்ளப் போகிறாள், நம் ஜெபவீட்டுச் சட்டப்படி கை முழங்கைக்குக் கீழே இறங்க வேண்டும், கழுத்து ஏறியிருக்க வேண்டும், முதுகு தெரியக் கூடாது, இதையெல்லாம் நீங்களே அவளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாய். நான் எதற்கு, நீயே சொல்லேன் என்றேன். "நான் சொன்னா சண்ட வரும்மா. நீங்க சொன்னா அவ கேட்டுக்குவா" என்று சிரித்தாய்.

நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள் தம்பி. அவளுடைய அம்மாவும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். கேட்டதால்தான் செத்தாள்.

எழுதிவிட்டேன். பதினாறு வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை எழுத ஒரு வரிதான் ஆகியிருக்கிறது. இதைப் படித்து முடித்த பிறகு நீ என்னைப் பழையபடி கூப்பிடுவாயா, ரேவதி இந்த வீட்டுப் படியேறுவாளா, எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, எப்போதோ ஒரு நாள் யார் வாயிலிருந்தோ இதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பதைவிட இது மேல்.

உடுப்பு விஷயத்தில் நான் ஏன் அத்தனை கடுமையாக இருந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா அப்படித்தான் என்று விட்டுவிட்டாய். நான் பிறக்கும்போதே முக்காட்டோடு பிறக்கவில்லை. பத்தொன்பது வயதில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள். மலையில் ஏறி இறங்கச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, அதன்மேல் படங்குச் சாக்கை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வோம். அதில் வெட்கப்பட நேரமில்லை, செடிக்கும் நமக்கும் நடுவே அட்டையைத் தவிர வேறு யாரும் இல்லை. வெட்கம் வந்தது பீலியில், மலைத்தண்ணீர் வந்து விழ நாங்கள் குளிக்கிற இடத்தில். வேலை முடிந்து வந்து பாவாடையை மாருக்கு மேல் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கும்போது மேலே ரோட்டில் ஒரு ஆள் வந்து நிற்பான். தோட்டத்தில் அவனுக்கு ஒரு பதவி இருந்தது, அதனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். தினமும் நிற்பான். என்னை மட்டும் பார்ப்பான் என்று சொல்ல முடியாது, ஆனால் நான் குனியும்போது பார்ப்பான். குளித்துவிட்டு வந்த பிறகும் உடம்பெல்லாம் அழுக்காக இருக்கும் எனக்கு.

அந்த வருஷம்தான் நம் ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பாஸ்டர் ஒருநாள், உங்கள் உடம்பு ஆண்டவர் வந்து தங்குகிற வீடு, அதைக் கண்டவன் எட்டிப்பார்க்க விடாதீர்கள் என்றார். நான் அழுதுவிட்டேன். அதுவரைக்கும் என் உடம்பு எத்தனை கிலோ கொழுந்து எடுக்கும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு மானம் உண்டு என்று யாரும் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து நீட்டுக்கை ரவிக்கை, கணுக்கால் மூடும் பாவாடை. குளிக்கும்போதும் முழு உடுப்பு. மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள், எனக்குக் கவலையில்லை. ரோட்டில் நின்றவன் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதனால் அடக்கமாக உடுத்துவதே தப்பு என்று நான் எழுதுவதாக நினைத்துவிடாதே. அந்த உடுப்பு என்னைக் காப்பாற்றியது. இன்றைக்கும் நான் அதைத்தான் உடுத்துகிறேன்.

தப்பு எங்கே வந்தது என்றால், முதலில் என்னை மூடிக்கொண்டேன், பிறகு மற்றவர்கள் மூடியிருக்கிறார்களா என்று பார்க்க ஆரம்பித்தேன். உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற காலத்திலேயே எனக்கு வாசல் பொறுப்புக் கொடுத்துவிட்டார்கள். கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த தாள் என் கையெழுத்து. யார் என்ன உடுத்தலாம், எதுவரை உடுத்தலாம், எல்லாம் நான் எழுதியதுதான், பாஸ்டர் வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். முக்காடு இல்லாமல் வருகிற பெண்களுக்குக் கொடுக்கப் பத்து வெள்ளைச் சால்வைகள் வைத்திருந்தோம். அவற்றை நான்தான் துவைப்பேன். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்து, கையில் அடுக்கிக்கொண்டு நிற்பேன். அந்த மடிப்பைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

ஆண்களுக்கு அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. நீயும் உன் கூட்டாளிகளும் வெறும் உடம்போடு பீலியில் கும்மாளம் போட்டு அப்படியே ஜெபவீட்டுப் படியில் வந்து உட்காருவீர்கள், சிரித்துக்கொண்டு துரத்துவேன். அவ்வளவுதான் உங்களுக்குச் சட்டம்.

ரேவதியின் அம்மாவை உனக்கு நினைவிருக்கும். கீழ் லயத்து வரிசை வீடுகளில் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் இருந்தாளே, லெட்சுமி. புருஷன் கொழும்புக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. தாயும் மகளும் மட்டும். லெட்சுமி ஞானஸ்நானம் எடுக்கவில்லை, ஆனால் ஆறு மாதமாக ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்தாள். என்னிடம் பயம் கலந்த மரியாதை அவளுக்கு. நான் ஒருமுறை முறைத்ததில் மூக்குத்தியைக் கழற்றிவிட்டாள். இரண்டாம் முறை முறைத்ததில் பூ வைப்பதை நிறுத்தினாள். அதை நான் அவளுடைய விசுவாசம் என்று பாஸ்டரிடம் சொன்னேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. நீ ஏழாம் வகுப்பு. மூன்று நாளாக விடாத மழை. பகல் உபவாச ஜெபம் தொடங்கி, உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆள் ஒருவர் முழங்கால் தெரியும் கால்சட்டையோடு, சேறும் தண்ணீருமாக வந்தார். பாவம் நனைந்துவிட்டார் என்று சாக்கை விரித்து உள்ளே உட்காரவைத்தேன். அவர் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, லெட்சுமி வந்தாள். மலையிலிருந்து நேரே ஓடி வந்திருந்தாள். சேலை முழங்காலுக்கு மேல், இடுப்பில் படங்கு, ரவிக்கை தோளில் கிழிந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கெண்டைக்காலில் அட்டை கடித்த இரத்தம் தண்ணீரோடு சேர்ந்து படியில் வழிந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, ரெண்டு நிமிசம். ஒன்னு கேக்கணும்" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை தம்பி. காலைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த சால்வைகளைப் பார்த்தாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போர்த்திக்கொண்டு உள்ளே வர ஒன்றைக் கேட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். அடுக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் கோலத்துல ஆண்டவர் வாசல்ல வந்து நிக்கலாமா? என்னவா இருந்தாலும் அப்பறம் கேக்கலாம். லயத்துக்குப் போயி ஒழுங்கா உடுத்திக்கிட்டு வா" என்றேன்.

ஒரு நிமிஷம் நின்றாள். வாயைத் திறந்தாள். உள்ளே பாட்டு நின்று ஜெபம் தொடங்கியது, நான் உதட்டில் விரலை வைத்தேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி, படியிறங்கி, கீழ் லயத்துப் பாதையில் ஓடினாள். நான் ஒரு பழந்துணி எடுத்து வந்து, குந்தி உட்கார்ந்து, அவளுடைய கால் தடத்தைத் துடைத்தேன். சிவப்புச் சிமெந்துப் படி, நான் பொலிஷ் போட்டு வைத்தது. மூன்று படியையும் கால்மணி நேரம் தேய்த்துத் துடைத்தேன். மூன்றாவது படியில் இருக்கும்போது கீழே சத்தம் கேட்டது, லாரியிலிருந்து கல் கொட்டுவது போல. ஒரே ஒரு தரம்தான்.

கீழ் லயத்தின் பின்பக்கத்து மண்மேடு இறங்கியிருந்தது. தொங்கல் காம்பராவும் அடுத்த காம்பராவும் போய்விட்டன. எல்லோரும் வேலைக்குப் போயிருந்த பகல் நேரம். அந்த இரண்டு காம்பராவிலும் இருந்தது அவள் ஒருத்திதான். மண்ணைத் தோண்டி எடுத்தபோது அவள் உடம்பில் பாவாடையும், ஒரு கை மட்டும் நுழைத்த நீட்டுக்கை ரவிக்கையும் இருந்தன. அவளுடைய நல்ல சேலை பாதி மடிப்புப் பிரிந்து பக்கத்தில் கிடந்தது. அவள் என் சட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தபோது செத்துப்போனாள். தோண்டியவர்கள் ஆண்கள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மேலே ஓடிப்போய்ப் பத்துச் சால்வைகளையும் எடுத்து வந்து அவள்மேல் போட்டேன். ஒன்று போதும், நான் பத்தையும் போட்டேன். எல்லாம் சேறாகிவிட்டன.

நான் உன்னிடமும் மறைக்கப் பார்த்த இடம் இதுதான். இந்தக் கடிதத்தை இரண்டுமுறை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் இதை விட்டுவிட்டேன். கையில் பத்துச் சால்வை வைத்திருந்தவள் ஏன் ஒன்றை எடுத்து அவள் தோளில் போடவில்லை? அதற்காகத்தானே அவை இருந்தன? சேறும் இரத்தமும் பட்டால் கறை போகாது என்று நினைத்தேன். அன்று காலையில்தான் பெட்டி போட்டிருந்தேன். மானம், பரிசுத்தம், ஆண்டவர் என்று வாய் என்ன பேசினாலும் உள்ளே இருந்தது அந்தக் கறை மட்டும்தான்.

மூன்றாம் நாள் உன் அப்பாவிடம் சொன்னேன். ஃபெக்டரி வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "இத எங்கிட்ட சொன்னதோட நிறுத்திக்க. அவ நேரம் முடிஞ்சிருச்சி. ஊருக்குத் தெரிஞ்சா நம்ம புள்ள தலநிமிந்து நடக்க முடியாது" என்றார். உனக்காகத்தான் மறைத்தோம் என்று சொல்லிக்கொள்ள அது எனக்கு வசதியாக இருந்தது. அவர் சாகும்வரை அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. மலையில் வேலையாக இருந்த லெட்சுமியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்களாம், அதனால்தான் நேரத்தோடு இறங்கினாளாம் என்று செத்த வீட்டில் யாரோ சொன்னார்கள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. பிள்ளை ரேவதியை நோர்வூட்டிலிருந்து வந்த சித்தி அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் படி என்னை விடவில்லை. மழை பெய்கிற வெள்ளிக்கிழமைகளில் நான் ஜெபவீட்டுக் கதவைத் திறக்கப் போகும்போது படியில் ஈரக்கால் தடம் இருக்கும். மூன்று படியிலும். மேல்நோக்கி வருகிற தடம் மட்டும்தான், திரும்பிப் போன தடம் இருக்காது. தோட்டத்து ஜனம் யாராவது மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். துடைப்பேன். துடைத்து முடித்து நிமிர்ந்தால் இன்னும் ஒன்று இருப்பது போலத் தோன்றும். உனக்குப் பதினைந்து வயதில், அம்மா படிக்கட்டைத் தேய்த்தே கரைத்துவிடுவார் என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். ஏன் அடித்தேன் என்று உனக்கு விளங்காமல் நின்றாயே, அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த அடி உனக்கு விழுந்திருக்க வேண்டியதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மழைச் சத்தத்தில் யாரோ "அக்கா, ரெண்டு நிமிசம்" என்பார்கள். கதவைத் திறந்தால் யாரும் இல்லை. அவள் என்ன கேட்க வந்தாள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று ஜெபித்திருக்கிறேன். தெரிந்துவிடக் கூடாது என்றும் ஜெபித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் வாசல் பொறுப்பை நான் விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்களே. புதிதாகப் பத்துச் சால்வை தைத்தார்கள், நான் மறுபடி நீலம் போட்டேன். ஆனால் வேதத்தை வாசிக்கும்போது பழைய கதைகள் வேறு முகம் காட்டின. ஏதேனில் பாவம் செய்து நிர்வாணமாக ஒளிந்துகொண்டிருந்த இரண்டு பேரை ஆண்டவர், போய் உடுத்திக்கொண்டு வாருங்கள் என்று விரட்டவில்லை. தேடிக்கொண்டு போனார். அவர்கள் இலையைத் தைத்துக் கட்டியிருந்த கோலத்திலேயே அவர்களோடு பேசினார். ஏதேனை விட்டு அனுப்பும் நாளில்கூடத் தன் கையாலேயே உடுப்புச் செய்து உடுத்தி அனுப்பினார். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் பெண்களுக்கு அடக்கம் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்தியிருக்கிறேன். யார் யாருக்கு உடுத்திவிட்டது என்பதைக் கவனிக்கவே இல்லை. சிலுவையில் அவரையே உரிந்து போட்டார்கள். நம் வீட்டுப் படத்தில் இடுப்பில் ஒரு துணி வரைந்திருக்கிறார்கள். அன்றைக்கு அதையும் விட்டுவைத்தார்களோ என்னவோ. அவருடைய தாய் கீழே நின்றாள். அந்தக் கோலத்தில் அவர் நம் ஜெபவீட்டு வாசலுக்கு வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

இப்படி இருந்தபோதுதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நீ வந்து, ஹட்டன் பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், பேசிப் பார்த்தால் நம் தோட்டத்துப் பிள்ளைதான், சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடம், ரேவதி என்றாய். சந்தோஷத்தில் உனக்குக் கண் மின்னியது. என் கையிலிருந்த சோற்றுத் தட்டு கீழே விழுந்தது. எனக்கு மருமகள் வருகிற ஆனந்தம் என்று நீ நினைத்தாய். நீ அவளை முதல்முறை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றும் மழை. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கால் ஈரமா இருக்கு அத்த, உள்ள வரலாமா என்று கேட்டாள். அந்த மூச்சு வாங்கல், அந்தத் தலைசாய்ப்பு, எல்லாம் லெட்சுமிதான். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். நல்ல மாமியார் என்று பெயர் வாங்கினேன்.

போன வாரம் உன் போன் வந்த பிறகு இரண்டு நாள் பொறுத்தேன். சனிக்கிழமை லிந்துலையில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். உன்னிடம் சொல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நீ தடுத்திருப்பாய், இல்லாவிட்டால் கூட வந்திருப்பாய். இரண்டும் எனக்கு வேண்டாம்.

கடையில் ரேவதி தனியாக இருந்தாள். பள்ளி உடுப்பு வாங்க வந்த ஒரு சிங்கள அம்மாவிடம் பேசி அனுப்பிவிட்டு, எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கல்யாண ரவிக்கைத் துணியை மேசையில் விரித்து வைத்திருந்தாள், இன்னும் வெட்டவில்லை. கை நீளம் எவ்வளவு வைக்க வேண்டும் அத்தை, நீங்கள் சொன்ன பிறகு வெட்டலாம் என்று இருக்கிறேன் என்றாள். கத்தரிக்கோல் அவள் கையில் இருந்தது. நான் உட்கார்ந்தபடியே ஆரம்பித்து, உனக்கு இங்கே எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கறைக்குப் பயந்ததையும் சொன்னேன். அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். துணியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

சொல்லி முடித்தேன். அழுவாள், திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. மெதுவாகக் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மலையிலேருந்து நேரா உங்ககிட்டதான் வந்தாங்களா? லயத்துக்குப் போயிட்டு வரலயா? நல்லா நெனச்சிச் சொல்லுங்க அத்த."

நேரேதான் வந்தாள், படங்கு கூடக் கழற்றவில்லை என்றேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். அவளுக்கு அன்று பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் வைத்துப் பெரிய பிள்ளை ஆகிவிட்டாள். வெள்ளைச் சட்டையெல்லாம் கறை. டீச்சர் அவளைப் புத்தக அறையில் உட்காரவைத்து, மேசை விரிப்பைச் சுற்றிவிட்டு, மலைக்குப் போன் போட்டு அம்மாவை வரச் சொன்னாராம். மாற்றுத் துணி எடுத்து வரச் சொல்லுங்கள் டீச்சர் என்று இவள் அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள். சாயங்காலம்வரை அந்த மேசை விரிப்போடு உட்கார்ந்திருந்தாள். வந்தது சித்தி. செத்த வீட்டில் இந்தச் சேதியைச் சொல்லக் கூடாது என்று சித்தி மறைத்துவிட்டாள். தண்ணீர் ஊற்றவில்லை, ஒரு புதுத்துணி எடுத்துக் கொடுக்கவில்லை.

"நான் துணி கேட்டதுனாலதான் அம்மா லயத்துக்குப் போனாங்க, நான்தான் அவங்கள அனுப்பிக் கொன்னுட்டேன்னு பதினாறு வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன் அத்த" என்றாள். "ஒங்க மகன்கிட்டகூட சொன்னதில்ல."

தம்பி, மலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில்தான் ஜெபவீடு இருக்கிறது. லயம் எங்கோ கீழே. அந்த மழையில் கீழே இறங்கி ஏற அரை மணி நேரமாகும் என்று, வழியில் அக்காவிடம் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று அவள் வந்திருக்கிறாள். தனக்காக இல்லை, கறையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மூடுவதற்கு. ஒன்று கேட்கணும் என்றாளே, அது ஒரு முழத் துணி. கறைபடும் என்று நான் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்ட துணி. நான் செய்த பாவத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு இத்தனை காலம் சுமந்திருக்கிறாள். என் பாவத்தை ஒருவர் சுமந்து தீர்த்துவிட்டார் என்று வாரத்துக்கு மூன்று தரம் பாடுகிறவள் நான். சுமந்துகொண்டு நின்றவள் என் எதிரிலேயே இருந்தாள்.

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் துணியை மடித்து மேசைக்குள் வைத்தாள். "இன்னைக்குப் போங்க அத்த. எனக்குக் கொஞ்ச நாள் வேணும்" என்றாள். எழுந்தேன். வாசல்வரை போன பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு ஜெபவீட்டு வாசல்ல நீங்கதான் நிக்கணும். நான் எப்படி வருவேன்னு இப்ப சொல்ல மாட்டேன். எப்படி வந்தாலும் கையப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போகணும்."

கல்யாணம் நடக்குமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்தன்றைக்கு என்றாளே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாவை மன்னித்துவிடு என்று அவளிடம் எனக்காகப் பேசாதே. எனக்கு அது வேண்டாம். ரவிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. லீவு கிடைத்தால் போய் அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திரு. என்மேல் உனக்கு வருகிற கோபத்தை அவள் முன்னால் காட்டாதே. அதை ஆற்றுகிற வேலையும் அவள் தலையில் விழக் கூடாது. நாளைக்கு உனக்கு ஒரு மகள் பிறந்தால் அவளுக்கு நல்ல உடுப்பு எடுத்துக் கொடு, மானத்தோடு வளர். ஆனால் யாராவது உன் வாசலில் அலங்கோலமாக வந்து நின்றால் முதலில் முகத்தைப் பார். என்ன வேண்டும் என்று கேள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேள். இதற்குமேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் எழுந்து இதைச் சொல்லப் போகிறேன் என்று பாஸ்டரிடம் சொன்னேன். பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது சிஸ்டர், கல்யாணம் முடியட்டும் என்றார். நான் காத்திருக்கப் போவதில்லை. வாசலில் நிற்க எனக்கு அனுமதி இருக்குமோ இருக்காதோ, அன்றைக்கு அவளுக்காக நான் நிற்பேன். கையில் ஒன்றும் இருக்காது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. ஜெபவீட்டுக் கதவைத் திறக்கப் போனபோது மூன்று படியிலும் ஈரக்கால் தடம் இருந்தது. பழந்துணி எடுக்கக் கை தானாகப் போனது. நான் எடுக்கவில்லை. கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டு நின்றேன்.

அம்மா